உள்ளூரா, வெளிநாடா? – இன்டர்நெட்டின் வாசல் கணக்கு

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சங்கச் செயலாளர் போன் செய்து, "தம்பி, பத்து வருஷத்துக்கு மேலா இன்டர்நெட் கம்பெனியில இருக்கீங்க. பிள்ளைங்களுக்குப் பயன்படுற மாதிரி ஏதாவது பேசுங்க. ஆனா மணி அடிக்கிறதுக்குள்ள முடிச்சிடுங்க" என்றார். சமையல் அறையிலிருந்து வாசனை வர ஆரம்பித்துவிட்டது. ஆகவே ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக் கொள்கிறேன். உங்கள் வீட்டுக்கு இன்டர்நெட் கொடுக்கும் நிறுவனம், வருகிற தகவல் உள்ளூரிலிருந்து வருகிறதா, கடல் கடந்து வருகிறதா என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கண்டுபிடித்து என்ன ஆகப் போகிறது என்று கேட்பீர்கள். காசு ஆகப் போகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

எங்கள் சிறுவயதில் தெருமுனையில் மஞ்சள் போர்டு மாட்டிய எஸ்.டி.டி. பூத் இருக்கும். எண்ணுக்கு முன்னால் ஒரு பூஜ்யம் போட்டால் வெளியூர், இரண்டு பூஜ்யம் போட்டால் வெளிநாடு. எக்ஸ்சேஞ்சுக்கு யோசிக்கிற வேலையே இல்லை. முதல் இரண்டு இலக்கத்திலேயே எந்தக் கட்டணம் என்று மீட்டருக்குத் தெரிந்துவிடும். துபாயில் இருக்கும் அண்ணனுக்கு பேசப் போனால், அம்மா கண்ணாடிக் கதவுக்குள் நின்றுகொண்டு அந்தச் சிவப்பு எண்களைத்தான் பார்த்துக் கொண்டிருப்பார்கள், பேச்சில் கவனமே இருக்காது.

இன்டர்நெட்டில் அந்தப் பூஜ்யம் கிடையாது. நீங்கள் பெயரைத் தட்டுகிறீர்கள், பக்கம் வருகிறது. திருச்சியிலிருந்து வந்ததா, டெக்ஸாஸிலிருந்து வந்ததா என்று திரையில் எங்கும் எழுதியிருக்காது.

பெயரைப் பார்த்துச் சொல்லலாமே என்று முதலில் தோன்றும். டாட் இன் என்று முடிந்தால் இந்தியா, டாட் காம் என்றால் வெளிநாடு. இது வீட்டு வாசலில் தொங்கும் பெயர்ப் பலகையைப் பார்த்து, உள்ளே சமையல் எந்த ஊர் அரிசியில் நடக்கிறது என்று சொல்வது போல. டாட் இன் பெயரை வாங்கிக் கொண்டு சர்வரை அமெரிக்காவில் வைத்திருப்பவர்கள் ஏராளம், அங்கே வாடகை மலிவாகக் கிடைக்கும் என்பதால். அமெரிக்க நிறுவனத்தின் டாட் காம் அம்பத்தூரில் உள்ள ஒரு கட்டடத்திலிருந்து வந்து கொண்டிருக்கும். பெயர் ஒன்றும் சொல்லாது.

அடுத்தது எண் முகவரி, அதாவது ஐ.பி. முகவரி. ஆசிய பசிபிக் பகுதிக்கு இந்த எண்களைப் பங்கிட்டுக் கொடுப்பது ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் உள்ள ஏ.பி.நிக் அமைப்பு. எந்த எண் தொகுதி எந்த நாட்டு நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது என்ற பதிவேடு அவர்களிடம் உண்டு. பெயரைவிட இது பரவாயில்லை. ஆனால் இதுவும் பத்திரப் பதிவு மாதிரிதான். நிலம் யார் பெயரில் என்று சொல்லும், அங்கே இப்போது யார் குடியிருக்கிறார்கள் என்று சொல்லாது. அமெரிக்காவில் பதிவான எண்ணைச் சென்னையில் உள்ள சர்வருக்குப் போடத் தடையில்லை. ஒரே எண்ணைப் பத்து நாடுகளில் ஒரே சமயத்தில் வைத்து, கேட்பவருக்கு அருகில் உள்ளதைப் பதில் சொல்ல வைக்கும் முறையும் இருக்கிறது.

சரி, வேறு எதை வைத்துப் பிரிப்பது? வாசலை வைத்து.

இணைய நிறுவனம் என்பது பல வாசல்கள் உள்ள ஒரு சத்திரம். எங்கள் சத்திரத்தையே சொல்கிறேன். நான் வேலை பார்ப்பது ஈரோட்டுப் பக்கம் உள்ள நடுத்தர நிறுவனம். கேபிள்காரர்கள் மூலமாக வீடுகளுக்கு இணைப்புக் கொடுக்கிறோம். எங்கள் ரௌட்டரில் நாலு வகை வாசல் உண்டு. ஒன்று, எங்கள் சொந்த வாடிக்கையாளர்கள் பக்கம். இரண்டாவது, மற்ற இந்திய நிறுவனங்களோடு தகவலை மாற்றிக் கொள்ளும் எக்ஸ்சேஞ்ச் பக்கம். மூன்றாவது, பெரிய வீடியோ நிறுவனங்களின் கேஷ் பெட்டிகள் பக்கம், அதாவது அதிகம் பேர் பார்க்கும் படங்களின் பிரதியை முன்கூட்டியே கொண்டுவந்து வைத்திருக்கும் பெட்டிகள். நாலாவது, உலகத்தில் மிச்சம் எல்லாவற்றுக்குமான டிரான்சிட் வாசல். இந்த நாலாவது வாசல் வழியாக வருவதற்குத்தான் நாங்கள் மேலே இருக்கும் பெரிய நிறுவனத்துக்கு அதிக விலை கொடுக்கிறோம். கேஷ் வாசலுக்கும் அதற்கும் விலையில் நல்ல வித்தியாசம்.

ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஓர் எண் உண்டு, ஏ.எஸ். எண் என்று பெயர். ரௌட்டர்கள் தங்களுக்குள் பி.ஜி.பி. என்ற முறையில் ஓயாமல் பேசிக் கொண்டிருக்கின்றன. "இந்த முகவரிகளுக்குப் போக வேண்டுமா? என் வழியாகப் போகலாம், இன்னின்ன ஏ.எஸ். தாண்டினால் போதும்." கடைசி செமஸ்டரில் நமக்கு இந்தப் பாடம் இருந்தது. கடைசி யூனிட் ஆகையால் யாரும் படிக்கவில்லை, கேள்வித்தாளிலும் வரவில்லை. எனக்குச் சோறு போடுவது அந்த யூனிட்தான் என்பதைப் பேராசிரியர் முன்னிலையில் சொல்லிக் கொள்கிறேன்.

எந்த வாசலில் ஒரு வழி அறிவிக்கப்பட்டதோ, அதன் மேல் எங்கள் ரௌட்டர் ஓர் அடையாளம் போட்டு வைக்கும். கம்யூனிட்டி என்று சொல்வார்கள், ரயில்வே பார்சல் ஆபீசில் மூட்டை மேல் மையால் குறி போடுவார்களே, அது போல. ஒரே இடத்துக்கு இரண்டு வாசலிலும் வழி இருந்தால் மலிவான வாசலே முதலில். பிறகு ஆயிரம் பாக்கெட்டுக்கு ஒன்று வீதம் மாதிரி எடுத்து, எது எந்த வாசலில் வந்தது என்று கூட்டிப் பார்ப்போம். மாதக் கடைசியில் அந்தக் கூட்டுத்தொகைதான் உள்ளூர், வெளிநாடு. பூகோளம் இதற்குள் வரவே இல்லை, கவனித்தீர்களா? எங்கள் டிரான்சிட் வாசல் வழியாக மதுரையிலிருந்து வந்தாலும் அது எங்களுக்கு வெளிநாட்டு விலைதான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நம் வாடிக்கையாளர் கேட்கும் கேள்வி சின்னது, வரும் பதில் பெரியது. கேள்வி எந்த வாசலில் வெளியே போகிறது என்பதை நாங்கள் முடிவு செய்யலாம். பதில் எந்த வாசலில் உள்ளே வரும் என்பதை அனுப்புகிறவர்தான் முடிவு செய்கிறார். பணம் கட்டுகிறவர் ஒருவர், வழியைத் தேர்ந்தெடுப்பவர் இன்னொருவர். எங்கள் வேலையில் பாதி நேரம், அனுப்புகிறவர்களிடம் "ஐயா, தயவுசெய்து இந்தப் பக்கமாக வாருங்கள்" என்று பி.ஜி.பி. மொழியில் கெஞ்சுவதிலேயே போகிறது.

போன வருஷம் ஒரு பெரியவர் எங்கள் ஆபீசுக்குப் போன் செய்தார். "ஏனுங் தம்பி, இங்கிலீஷ் படமெல்லாம் சுத்தாம ஓடுதுங். நம்ம ஊர் மாரியம்மன் கோயில் கும்பாபிஷேகத்தப் போட்டா மட்டும் சுத்திக்கிட்டே கெடக்குதுங். அமெரிக்காவ விட அந்தியூர் தூரமாயிப் போச்சுங்களா?" சிரிப்பு வந்தாலும், அவர் கேட்டது சரியான கேள்வி. படம் ஈரோட்டுக்குப் பக்கத்திலேயே உள்ள கேஷ் பெட்டியிலிருந்து வருகிறது. கும்பாபிஷேகத்தை ஒளிபரப்பியவர் மலிவு பார்த்து சர்வரை ஐரோப்பாவில் வாடகைக்கு எடுத்திருந்தார். அந்தியூர் கோயில் மணியோசை ஐரோப்பாவுக்குப் போய்விட்டு அந்தியூருக்கே திரும்பி வந்தது.

இந்த வாசல் கணக்கைப் பொதுமக்களே தெரிந்து வைத்திருந்த ஒரு நாடு உண்டு: தென்னாப்பிரிக்கா. அந்தக் கதை எனக்கு மிகவும் பிடிக்கும்.

அங்கே 2002-ல் டெல்காம் நிறுவனம் ஏ.டி.எஸ்.எல். இணைப்புக் கொடுக்கத் தொடங்கியது. அதே வருஷம் வந்த சாட்-3, சேஃப் என்ற கடலடிக் கேபிள்கள் அந்த நாட்டுக்குப் பிரதான வாசல். (சேஃப் கேபிள் வழியில் நம்ம கொச்சியையும் தொட்டது.) வாசலின் சாவியும் டெல்காம் கையில். விளைவு, வெளிநாட்டுத் தகவல் தங்கம் விலை. ஒரு வீட்டுக்கு மாதம் 3 ஜி.பி. என்பது அன்றைக்கு வழக்கமான அளவு. அது தீர்ந்தால் அடுத்த மாதம் வரை காத்திருக்க வேண்டும், அல்லது கூடக் காசு கொடுக்க வேண்டும்.

ஆனால் ஜொஹானஸ்பர்க்கில் ஜின்க்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் 1996 முதலே இருந்தது. அங்கே உள்நாட்டு நிறுவனங்கள் தங்களுக்குள் மாற்றிக் கொள்ளும் தகவலுக்குக் கடல் கடக்கும் செலவு இல்லை. எனவே சில நிறுவனங்கள் 'உள்ளூர் மட்டும்' என்று ஒரு கணக்கை மலிவாக விற்றன. அந்தக் கணக்கில் நுழைந்தால் தென்னாப்பிரிக்காவுக்குள் இருக்கும் சர்வர்கள் மட்டும் கிடைக்கும், மற்றதற்கு வழியே கிடையாது. நிறுவனத்தின் ரௌட்டர் உள்நாட்டு வாசலில் அறிவிக்கப்பட்ட வழிகளை மட்டும் அந்தக் கணக்குக்குக் காட்டும், அவ்வளவுதான் சூட்சுமம்.

ஒரே தொலைபேசிக் கம்பியில் இரண்டு கணக்குகளை ஒரே சமயத்தில் திறக்க முடியும் என்பதை மக்கள் கண்டுபிடித்தார்கள். அப்புறம் பாருங்கள் வேடிக்கையை! சாதாரணக் கணக்கு ஒன்று, உள்ளூர்க் கணக்கு ஒன்று. தென்னாப்பிரிக்க முகவரித் தொகுதிகளின் பட்டியலை இறக்கி, சொந்தக் கம்ப்யூட்டரின் ரௌட்டிங் டேபிளில் ஏற்றி, பட்டியலில் உள்ளதற்கு உள்ளூர்க் கணக்கு, மற்றதற்கு விலை உயர்ந்த கணக்கு என்று பிரித்து அனுப்பினார்கள். இதற்கென்றே சின்னச் சின்ன மென்பொருள்கள் வந்தன. நாம் படிக்காமல் விட்ட கடைசி யூனிட்டை, பள்ளிக்கூடப் பையன்கள் வீட்டில் உட்கார்ந்து காசு மிச்சம் பிடிப்பதற்காகச் செய்து முடித்தார்கள். தேவை வந்தால் மனிதன் எந்தப் பாடத்தையும் படிப்பான்!

பட்டியலில் பிழை இருந்தால் பையனின் 3 ஜி.பி. சத்தமில்லாமல் கரையும். உள்நாட்டுப் பத்திரிகையின் பக்கத்தை உள்ளூர்க் கணக்கில் திறந்தால் எழுத்து வரும்; விளம்பரம் வெளிநாட்டு சர்வரில் இருந்தால் அந்த இடம் வெள்ளையாகக் கிடக்கும். அது ஒரு வகையில் நல்லதுதான் என்று சொன்னவர்களும் இருந்திருப்பார்கள். லினக்ஸ் போன்ற பெரிய மென்பொருள்களின் பிரதிகளைப் பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் உள்நாட்டிலேயே வைத்தன. ஷட்டில்வொர்த் அறக்கட்டளை 'ஃப்ரீடம் டோஸ்டர்' என்ற பெட்டிகளைப் பொது இடங்களில் நிறுத்தியது. வெறும் சி.டி.யைச் செருகினால் இலவச மென்பொருளைப் பதிந்து கொடுக்கும். இறக்குவதைவிட நடந்து போய் வாங்குவது மலிவாக இருந்த காலம்.

2009 ஜூலையில் சீகாம் கேபிள் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையோரமாக வந்து சேர்ந்தது. அது மும்பையையும் தொடுகிறது. சாவி ஒரே கையில் இருந்த நிலை மாறியது. 2010 மார்ச்சில் எம்வெப் நிறுவனம் அளவில்லாத இணைப்பை வீட்டுக்காரர்கள் வாங்கக்கூடிய விலைக்குக் கொடுத்தது. 'உள்ளூர் மட்டும்' கணக்குக்கு மெல்ல மெல்ல வேலை இல்லாமல் போயிற்று. தகவலின் தன்மை எதுவும் மாறவில்லை, வாசலின் விலைதான் மாறியது.

உஸ்பெகிஸ்தானிலும் இதே போல் தாஸ்-இக்ஸ் என்ற உள்நாட்டு எக்ஸ்சேஞ்ச் வழியாக வருவதை இலவசமாகவோ மிக மலிவாகவோ கொடுத்தார்கள். ஒரு தளத்தைப் பற்றிச் சொன்னால், "அது தாஸ்-இக்ஸில் இருக்கிறதா?" என்பதே முதல் கேள்வி.

இனி நம் நாடு. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்தது. 1998-ல் தனியார் நிறுவனங்கள் வந்தன. ஒன்றுக்கொன்று நேரடி இணைப்பு சரியாக இல்லாததால், சென்னையில் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் அதே சென்னையில் இன்னொரு நிறுவனத்தின் வாடிக்கையாளருக்கு அனுப்பிய கடிதம் கடல் கடந்து போய்த் திரும்பி வந்ததும் உண்டு. இரண்டு பேரும் டாலரில் பணம் கட்டினார்கள். இதை நிறுத்தத்தான் 2003-ல் நிக்ஸி என்ற தேசிய எக்ஸ்சேஞ்ச் அமைந்தது. தகவலைக் கேட்டு வாங்குகிற நிறுவனம் கொடுக்கிற நிறுவனத்துக்கு இவ்வளவு தர வேண்டும் என்று அங்கே ஒரு கணக்கும் வைத்தார்கள். சின்ன நிறுவனங்களுக்கு எப்போதும் வாங்குவதுதான் அதிகம், கொடுக்க என்ன இருக்கிறது? அதனால் உள்ளூர் வாசலிலும் நாங்கள்தான் பையை அவிழ்த்தோம். இந்த விஷயத்தில் எனக்கு வருத்தம் உண்டு, மறைக்கவில்லை.

2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்ஸாண்ட்ரியா அருகே கடலடிக் கேபிள்கள் அறுந்தன. இந்தியாவின் மேற்கு நோக்கிய இணைப்பு பெருமளவு முடங்கியது. நாங்கள் இரண்டாம் ஆண்டு. லேபில் உட்கார்ந்து எது திறக்கிறது, எது திறக்கவில்லை என்று ஒரு நோட்டில் எழுதினோம். பெயரில் இந்தியா இருந்த சில தளங்கள் திறக்கவில்லை. வெளிநாட்டுப் பெயர்கள் சில ஜம்மென்று வந்தன. எது உண்மையில் உள்ளூர் என்று அன்றைக்குக் கடல் எங்களுக்குப் பட்டியல் போட்டுக் கொடுத்தது.

இந்தியாவில் வாடிக்கையாளரிடம் இப்படிப் பிரித்துக் கட்டணம் வாங்க முடியாது. 2016 பிப்ரவரி 8 அன்று டிராய் கொண்டு வந்த விதிமுறை, எதைப் பார்க்கிறீர்கள், அது எந்த முனையிலிருந்து வருகிறது என்பதை வைத்துக் கட்டண வித்தியாசம் காட்டக் கூடாது என்கிறது. எங்களைப் போன்ற நிறுவனங்களுக்கு அது சிரமம்தான், ஏனென்றால் எங்கள் செலவு வாசலுக்கு வாசல் மாறுகிறது. ஆனாலும் அந்த விதி இருக்க வேண்டும் என்பதே என் கட்சி. ஏன் என்றால் ஈரானைப் பாருங்கள். அங்கே உள்நாட்டுத் தளங்களுக்குக் குறைந்த கட்டணம் என்று சலுகை கொடுத்தார்கள். எது உள்நாடு, எது வெளிநாடு என்ற பட்டியல் அரசின் கையில் சுத்தமாகத் தயாராயிற்று. 2019 நவம்பரில் பெட்ரோல் விலை உயர்வை எதிர்த்து மக்கள் தெருவுக்கு வந்தபோது, ஏறக்குறைய ஒரு வாரம் வெளிவாசலை மட்டும் சாத்தினார்கள். உள்ளே பல சேவைகள் ஓடிக் கொண்டிருந்தன. அங்கே நடந்ததை வெளியே சொல்லத்தான் வழியில்லை. காசுக் கணக்குக்காகக் கட்டிய சுவரில் கதவும் இருக்கிறது, பூட்டும் இருக்கிறது.

மாணவர்கள் இதைச் சோதித்துப் பார்க்க ஓர் எளிய வழி சொல்கிறேன். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். 100 கிலோமீட்டர் போய் வர ஒரு மில்லி செகண்ட். சென்னையிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் சுமார் 2,900 கிலோமீட்டர். ஆகவே போய்த் திரும்ப 29 மில்லி செகண்டுக்குக் குறைவாக ஆகவே முடியாது. சென்னையில் இருந்து நீங்கள் பிங் செய்யும் தளம் 6 மில்லி செகண்டில் பதில் சொன்னால், யார் என்ன சத்தியம் செய்தாலும் அது சிங்கப்பூரில் இல்லை. பதிவேடு பொய் சொல்லலாம், பெயர் பொய் சொல்லலாம், ஒளிக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஆனால் மறுபக்கம் கவனம்: 90 மில்லி செகண்ட் ஆனால் அது வெளிநாடு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உங்கள் ஹாஸ்டல் வை-பையே அவ்வளவு எடுத்துக் கொள்ளும். அல்லது சர்வர் பக்கத்திலேயே இருந்து, வழி மட்டும் சுற்றி வரலாம். அதற்கு டிரேஸ்ரூட் போட்டு ஒவ்வொரு படியாகப் பாருங்கள்.

எங்களுக்கே ஒரு முறை அப்படி நடந்தது. மேலே இருக்கும் ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம், உள்நாட்டு வழி என்று எங்களுக்கு விற்றதில் ஒரு பகுதி சிங்கப்பூர் போய் வந்தது. கோவையிலிருந்து சென்னைக்கு 75 மில்லி செகண்ட். "எல்லாம் உள்நாடுதான் சார்" என்று மூன்று வாரம் சாதித்தார்கள். இந்த ஒளிக் கணக்கை ஒரு வெள்ளைத்தாளில் எழுதி அனுப்பிய பிறகு வழி சரியாயிற்று. பில் சரியாக இன்னும் இரண்டு மாதம் ஆயிற்று என்பது வேறு விஷயம்.

இதை ஏன் இந்த மேடையில் சொல்கிறேன் என்றால், காலையில் செயலாளர் ஓர் அறிவிப்பு செய்தார். நம் பேராசிரியர்களின் வகுப்புகளை வீடியோ எடுத்து, பழைய கேள்வித்தாள்களோடு சேர்த்து, எல்லா மாணவர்களும் பார்க்கும்படி சங்கத்தின் செலவில் ஒரு சர்வரில் போடப் போகிறோம். நல்ல காரியம், என் பங்கை இன்றே கட்டிவிடுகிறேன். ஆனால் வந்திருக்கும் இரண்டு கொட்டேஷனில் மலிவானது வெளிநாட்டு சர்வர், விலை கூடியது சென்னை. மலிவானதை எடுத்தால் நாம் மிச்சம் பிடிக்கிற ரூபாயை, மாணவர்களின் ஊரில் இருக்கும் சின்னச் சின்ன கேபிள் நிறுவனங்கள் டிரான்சிட் வாசலில் கட்டும். பரீட்சைக்கு முந்தின ராத்திரி அந்த வாசல் நெரிசலானால், வட்டம் சுற்றிக் கொண்டிருப்பது நம் பையனின் செல்போனில்.

சென்னை என்று எழுதியிருப்பதாலேயே அதையும் நம்ப வேண்டாம். கையெழுத்துப் போடுமுன் அவர்களிடம் சோதனைக்கு ஒரு முகவரி கேளுங்கள். மூன்றாம் ஆண்டு மாணவர்களில் ஆறு பேர், ஆறு வெவ்வேறு நிறுவனங்களின் இணைப்பிலிருந்து, ஹாஸ்டலில் ஒன்று, வீட்டில் ஒன்று, செல்போனில் ஒன்று என்று ராத்திரி ஒன்பது மணிக்குப் பிங்கும் டிரேஸ்ரூட்டும் போட்டு எண்களை எழுதி வாருங்கள். அடுத்த செயற்குழுக் கூட்டத்துக்கு நான் வருகிறேன், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். மணி அடித்துவிட்டார்கள்.